வீடு மாறுகிறவர்களும் என் மாமியும்

என் மாமி அமெரிக்க மாநிலங்களை என் வாயால் கேட்டுத்தான் படித்தார். அவருக்கு இங்கிலிஷ் தெரியாது. கல்லடியில் அவருடைய வீட்டு முன்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் "டெக்சஸ்" என்று சொன்னால், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பவர், "ஓம், இப்ப எல்லாரும் அங்கதானே போறாங்க" என்பார். "ஐடஹோ" என்றால் துருவுகிற சத்தம் கொஞ்சம் நின்றுவிடும். அது எந்தப் பக்கம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கும் பிடிபடவில்லை.

வீடு மாறுகிற அமெரிக்கர்களின் கட்டிலையும் கதிரையையும் லொறியில் ஏற்றி இன்னொரு மாநிலத்தில் இறக்கிவிடுகிற கம்பனி அது. லொறி அங்கே, சாமான் அங்கே, ஏற்றுகிறவர்களும் இறக்குகிறவர்களும் அங்கே. பேசுகிறவன் மட்டும் மட்டக்களப்பில். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து ஆட்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இந்த ஊரில் இனி இருக்கமுடியாது என்று முடிவெடுக்கிற பின்னேரம் எங்களுக்குக் காலை. அதனால் நான் பிளேன்டியைக் குடித்துக்கொண்டே அவர்களை ஊர் மாற்றிவிட்டு, பத்தரை மணிக்கெல்லாம் மீன் வாங்கப் போய்விடுவேன்.

கம்பனி எனக்கொரு வெள்ளைக்காரப் பெயர் வைத்திருந்தது. சொந்தப் பெயருக்குக் கிடைக்காத மரியாதையெல்லாம் அதற்குக் கிடைத்தது. இன்னொரு விதி, எங்கே இருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது. யாராவது கேட்டால் நான் "கிழக்குக் கரையிலிருந்து" என்பேன். அது சுத்தமான உண்மை. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்துபோகலாம். அவர்கள் தங்களுடைய கிழக்குக் கரையை நினைத்துக்கொண்டு, "அங்கே குளிர் எப்படி?" என்று கேட்பார்கள். "இந்த வருசம் பரவாயில்லை" என்பேன். அதுவும் உண்மைதான்.

மாமிக்கு அந்த வேலையில் ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. சேர்ந்த முதல் மாதமே கேட்டுவிட்டார்.

"மருமகன், அங்க ஷெல் விழுதா?"

"இல்ல மாமி."

"வெள்ளமா?"

"சில இடத்தில. அதுக்காகப் போறவங்க குறைவு."

"அப்ப என்னத்துக்கு இடம்பெயர்றாங்க?"

அவருக்கு இடம்பெயர்வது என்றால் ஒரு கையில் அரிசிப் பையும் மறு கையில் பிள்ளையுமாக ஓடுவது. என் மனைவியை அப்படித் தூக்கிக்கொண்டு அவர் மூன்று ஊர்களில் இருந்திருக்கிறார். வீட்டில் கரண்டும் தண்ணீரும் இருக்க, கூரையும் சுவரும் இருக்க, ஒரு மனிதன் லொறி அனுப்பச் சொல்லிக் கேட்பது அவருக்கு விளங்கவேயில்லை.

விளங்கவைக்க நான் என்னால் ஆனதைச் செய்தேன். வேலைக்காகப் போகிறார்கள் என்றேன். வாடகை தாங்கமுடியாமல் போகிறார்கள், வரி குறைந்த இடம் தேடிப் போகிறார்கள் என்றேன். அதெல்லாம் அவருக்குச் சரியாகத்தான் பட்டது. ஆனால் மனிதர்கள் உண்மையில் சொல்கிற காரணங்கள் வேறு. ஒரு பெண், ஈரக் காற்றில் தன் பியானோவின் சுதி கெட்டுப்போகிறது என்று பாலைவனத்துக்குப் போனாள். ஒருவர் புது வேலைக்காக வீட்டை விற்று இரண்டு மாநிலம் தாண்டிப் போனார். போய் இறங்கியதும் அவருடைய கம்பனி, இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அறிவித்துவிட்டது. இன்னொருவர் மெல்லிய குரலில், பக்கத்து அறையில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலச் சொன்னார்: "மனைவியின் அம்மா எங்கள் தெருவிலேயே வீடு வாங்கியிருக்கிறார். எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் போகவேண்டும்."

"இவருக்கு என்னவாம்?" என்று மாமி கேட்டார்.

"வேலை மாற்றமாம், மாமி."

"பாவம்" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாக எழுதப்படும். நான் வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற படுவான்கரையில் வெல்லாவெளியில் பிறந்து, கலியாணத்தோடு கிழக்கே, கடலோரத்து எழுவான்கரையில் கல்லடிக்கு வந்தவன். ஒரு சூட்கேசும் ஒரு மோட்டார் சைக்கிளும்தான் கொண்டுவந்தேன். ஏன் இடம் மாறினீர்கள் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கம்பனிக் கணினியில் காரணம் குறிக்கிற கட்டங்களில் எதில் போடுவது என்று எனக்கே தெரிந்திருக்காது.

இனி ஒரு கலிபோர்னியாக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வுபெற்றவர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆறுதலாகப் பேசுவார். முதல் தடவை கூப்பிட்டபோது ஐடஹோவுக்குப் போவதாகச் சொன்னார். கம்பனி விதிப்படி காரணம் கேட்டேன்.

"நம்மைப் போன்ற ஆட்களோடு இருக்கவேண்டும் என்று ஆசை" என்றார். "இங்கே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. வாசலில் நான் கொடி கட்டினால் எதிர்வீட்டுக்காரன் ஒரு மாதிரிப் பார்க்கிறான். அவன் தேர்தல் போர்டு வைத்தால் நான் ஒரு மாதிரிப் பார்க்கிறேன். ஐடஹோவில் எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறார்களாம்."

அவருடைய சாமான்களைப் பத்திரமாக அனுப்பிவைத்தோம். ஒரு வருசம் போயிருக்கும், மறுபடியும் கூப்பிட்டார். செருமலைக் கேட்டதுமே ஆளைப் பிடித்துவிட்டேன். இந்தத் தடவை ஐடஹோவிலிருந்து டென்னசிக்கு.

"ஐடஹோ பிடிக்கவில்லையா, ஐயா?"

"நல்ல இடமாகத்தான் இருந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் கலிபோர்னியாவிலிருந்து வந்தவர்கள். வீட்டு விலையை ஏற்றிவிட்டார்கள். வந்து குடியேறி ஊரைக் கெடுத்துவிட்டார்கள்."

அவரும் கலிபோர்னியாவிலிருந்து வந்தவர்தானே என்று நினைவுபடுத்துவது என் வேலை அல்ல. மாமியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அமெரிக்கர்களைப் பற்றி முதல் தடவையாக ஒரு விசயம் விளங்கிய முகத்தோடு தலையாட்டினார்.

"இஞ்சயும் அப்படித்தானே. கல்லடி முந்தி எப்படி இருந்திச்சு. வெளியூர்க்காரங்க வந்து வந்துதான் இப்படிப் போச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களச் சொல்லல்ல, மருமகன்" என்றும் சொன்னார்.

அந்த வருசக் கடைசியில் என் மனைவிக்கு இடமாற்றம் வந்தது. அவள் விஞ்ஞான ஆசிரியை. ஆசிரியர்கள் எல்லாரும் சில காலம் கஷ்டப் பிரதேசத்தில் சேவை செய்யவேண்டும் என்பது சட்டம். அவளுக்குக் கிடைத்த கஷ்டப் பிரதேசம் வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம்.

செத்த வீட்டுக்கு வருவதுபோலச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாமியின் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், கஷ்டப் பிரதேசமாமே" என்றார்.

"நான் அங்கதான் பிறந்தன், சின்ன மாமி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப உங்களுக்குப் பழக்கம்தானே" என்றார்.

மனைவி முதலில் பஸ்ஸில் போய்வந்தாள். விடியமுதல் புறப்பட்டு, களுவாஞ்சிக்குடியில் இறங்கி, பட்டிருப்புப் பாலம் தாண்டுகிற பஸ்ஸுக்குக் காத்துநின்று, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போதே களைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே நித்திரையாகிவிடுவாள். ஒரு தவணை முடிந்ததும், "அங்கேயே ஒரு வீடு எடுப்பம்" என்றாள்.

அமெரிக்கர்களைப் பார்த்து அதிசயித்த மாமி இப்போது எழுந்து நின்றார்.

"ஆனை வரும்" என்றார்.

"ஆனை வட்டைக்குள்ளதானே மாமி வரும், நெல்லுக்கு" என்றேன். வட்டை என்றால் வயல் வெளி.

"வெக்கை. காத்து வராது."

"மரம் இரிக்கு."

"மீனுக்கு என்ன செய்வீங்க?"

"குளத்து மீன் இரிக்கு, மாமி."

"குளத்து மீன் மீனா?" என்று கேட்டுவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார். எனக்கும் கடல் மீன்தான் விருப்பம். கடைசியில் மனைவிதான் போய், தாயின் பக்கத்தில் குந்தியிருந்து, "உங்களால முடிஞ்சா என்னோட ஒரு கிழமை பஸ்ஸில வந்து பாருங்க, அம்மா" என்றாள். மாமி வரவில்லை. ஆனால் தான் கல்லடியை விட்டு அசையமாட்டேன் என்றபடியே, அடுத்த நாள் எங்களுக்காகச் சட்டி பானைகளைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

ஆயிரக்கணக்கான மைல் தள்ளி யார் யாருடையதோ வீடுகளை ஒரு கீறல் விழாமல் மாற்றிக்கொடுத்தவன் நான். என் சொந்த லொறி சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது பாதிக்கு மேல் வேறு யாருடையதோ சீமெந்துப் பைகள் இருந்தன. அலுமாரியின் ஒரு கால் பாலத்துக்கு முன்னமே கழன்றுவிட்டது. பெட்டிகளில் எந்த அறைக்கு எது என்று எழுதவேண்டும் என நான் கம்பனிப் பாணியில் சொல்லிக்கொண்டு நின்றேன். மனைவி, "நாம எடுத்திருக்கிறதே ரெண்டு அறை வீடு. அந்த அறைக்கு இல்லாட்டி இந்த அறைக்கு" என்றாள்.

நான் பிறந்த வீடு அதே ஊரில் அடுத்த ஒழுங்கையில் இருக்கிறது. ஆனால் அது இப்போது என் தங்கையின் வீடு. அவளுக்குச் சீதனமாகப் போய்விட்டது. உன்னிச்சையிலிருந்து வந்த அவள் புருசன்தான் அங்கே வீட்டுக்காரர். நாங்கள் போனதும் என்னை வாசலில் வந்து வரவேற்றார். "வாங்க மச்சான், இரிங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் நடை பழகிய முற்றத்தில் என்னை விருந்தாளியாக இருத்திவைத்து, தங்கையிடம் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

"இந்தப் பக்கம் பொழுதுபட்டாப் போல மோட்டார் சைக்கிள்ல போகாதீங்க, மச்சான். ஆனை நிக்கும். உங்களுக்கு இடம் பழக்கமில்லத்தானே" என்றார்.

நல்ல மனிதர். அக்கறையாகத்தான் சொன்னார். நான் "சரி" என்றேன். உள்ளேயிருந்து தங்கை சிரிக்கிற சத்தம் கேட்டது.

வாடகை வீட்டுக்காரர் வயல் காணி நிறைய உள்ள ஒரு போடியார். வீட்டுத் திறப்பைக் கொடுக்கமுதல் விசாரித்தார்.

"எங்கயிருந்து வாறீங்க?"

"நான் இந்த ஊர்தான், ஐயா."

"அது சரி. எங்கயிருந்து வாறீங்க?"

"கல்லடி."

"ஆ" என்று திறப்பைத் தந்தார்.

என் மனைவிக்கு அந்த ஊர் உடனே ஒத்துப்போய்விட்டது. அதை எப்படிச் சொல்வது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. கல்லடியில் அவள் நூறு ஆசிரியைகளில் ஒருத்தி. இங்கே ஒரே ஒரு விஞ்ஞான ரீச்சர். பிள்ளைகளின் தாய்மார் பூசணிக்காயும் மரவள்ளியும் தயிரும் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார்கள். எந்த வட்டைக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று அவள் எனக்குச் சொன்னாள். நான் எங்கே நின்றாலும் யாராவது, "ரீச்சர்ட மாப்பிள்ளையா?" என்று கேட்டார்கள். என்னோடு படித்தவனே ஒருநாள் கடையில் அப்படிக் கேட்டுவிட்டு, பிறகுதான் முகத்தைப் பார்த்து, "டேய், நீயா" என்றான்.

எனக்குப் பிரச்சினை சிக்னல். வீட்டுக்குள் இன்டர்நெட் வந்து வந்து போனது. கடைசியில் வளவின் பின்வேலியோரம் ஒரு வேப்பமரத்தின் கீழ் மேசையைப் போட்டேன். அங்கே ஓரளவு கிடைத்தது. மேசைக்கு எதிரே வயல். வயலில் மயில்கள்.

அங்கே இருந்தபோதுதான் கலிபோர்னியாக்காரர் மூன்றாவது தடவை கூப்பிட்டார். டென்னசியிலிருந்து பேசினார். குரலில் பழைய தெம்பு இல்லை.

"எங்கே போகிறீர்கள், ஐயா?"

"கலிபோர்னியாவுக்கு."

நான் காரணம் கேட்கமுதல் அவரே தொடர்ந்தார்.

"இங்கே ஆட்கள் நல்லவர்கள். கெட்டவர்கள் என்று ஒருவரைக் கூடச் சொல்லமுடியாது. வந்த அன்றைக்கே பெரிய தட்டில் சாப்பாடு செய்து கொண்டுவந்தார்கள். எந்தச் சேர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த நாள் வேறு ஆட்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர்களும் எந்தச் சேர்ச்சு என்று கேட்டார்கள். நான் சேர்ச்சுக்குப் போவதில்லை என்றால் முகம் வாடிப்போகிறது. வாடிப்போனாலும் பிறகும் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். கொடி கட்டினேன், ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. எல்லார் வீட்டிலும் அதே கொடி. யாரோடும் சண்டைபிடிக்க ஒன்றும் இல்லை. காலையில் எழும்பி என்ன செய்வது என்று தெரியவில்லை."

"அதனால்தான் திரும்பிப் போகிறீர்களா?"

கொஞ்ச நேரம் செருமினார். "என் பல் டாக்டர் அங்கேதான் இருக்கிறார். இருபத்தைந்து வருசமாக என் வாயைப் பார்க்கிற மனிதர். இங்கே ஒருவனிடம் போனேன். எல்லாப் பல்லையும் புதிதாக எண்ணுகிறான்."

அந்த நேரம் பார்த்து வேலியில் ஒரு மயில் கத்தியது.

"அது என்ன, பூனையா?"

"வீட்டுச் சொந்தக்காரருடையது" என்றேன். போடியாரின் வேலியில் நின்றதால் அதைப் பொய் என்று சொல்லமுடியாது.

"நீங்கள் கிழக்குக் கரையில்தானே?"

"இப்போது மேற்குக் கரைக்கு வந்துவிட்டேன், ஐயா."

"அப்படியா. நீங்களும் மாறிவிட்டீர்களா. என்ன காரணம்?"

"மனைவிக்கு வேலை."

"பிடித்திருக்கிறதா?"

எவ்வளவோ பேரிடம் நான் கேட்ட கேள்வி. என்னிடம் ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான். "அவளுக்குப் பிடித்திருக்கிறது" என்றேன். அவர் "ஆமாம், ஆமாம்" என்றார். பிறகு இரண்டு பேரும் அவருடைய சோபாவின் நீளத்தைப் பற்றிப் பேசினோம்.

வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வந்தது. மகளைப் பார்த்துவிட்டு உடனே திரும்புவதாகச் சொல்லிக்கொண்டு மாமி வந்தார். ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தார், இங்கே பட்டினி கிடக்கிறோம் என்ற எண்ணத்தில். கோயில் வாசலில் ஒரு வயதான அம்மா அவரை மறித்து, எங்கள் பக்கத்தில் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"நீங்க எந்தக் குடி?"

குடி என்பது தாய்வழியாக வருகிற வம்சம். கோயிலில் யாருக்கு என்ன மரியாதை என்பதெல்லாம் அதை வைத்துத்தான். மாமி சொன்னார். அந்த அம்மா, "உங்கட அம்மாட அம்மா எந்த ஊர்?" என்றார். மாமி அதையும் சொன்னார். அதற்குப் பிறகு நான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மாற்றி ஒருவராகப் பெண்கள் வந்து மாமியின் முகவாயைப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த அம்மம்மாவின் மூக்கு அப்படியே இருக்கிறதாம். பூசை முடிவதற்குள் மாமிக்கு அந்த ஊரில் நான்கு அக்காமாரும், எண்ணமுடியாத மருமக்களும் கிடைத்துவிட்டார்கள். போடியாரே எழுந்துவந்து, "நீங்க நம்மட ஆக்களா? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். என்னைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார், நான் மறைத்துவிட்டேனாம்.

சடங்கு முடிந்தது. மாமி போகவில்லை. எட்டாம் நாள் பூசைக்குப் பிறகு போகிறேன் என்றார். பிறகு, ஒரு மருமகளின் பிள்ளைக்குக் காது குத்து என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்.

"வெக்கையா இல்லையா, மாமி?" என்று கேட்டேன்.

"மரம் இரிக்குதானே" என்றார். அன்று குளத்து விரால் கறி. இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.

அந்த மழைக்காலத்தில் என் வேப்பமரத்துச் சிக்னல் முழுவதும் போய்விட்டது. ஒரு பெண் தன் கணவனை விட்டுப் போவதற்கான காரணத்தைச் சொல்லத் தொடங்கிய இடத்தில் லைன் அறுந்து, திரும்பக் கிடைத்தபோது அவள் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பனி மேலாளர் இரண்டு தடவை எச்சரித்தார். மனைவி, மாமி, நான் மூன்று பேரும் இருந்து பேசினோம். கல்லடி வீடு பூட்டிக் கிடக்கிறது, அங்கே லைன் நன்றாக இருக்கிறது, ஆகவே கிழமை நாட்களில் நான் அங்கே போய் இருப்பது என்று முடிவாயிற்று. முடிவெடுக்க அதிக நேரம் செல்லவில்லை. என் சூட்கேசை மாமியே எடுத்துவைத்தார்.

இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை நான் மனைவியின் சீதன வீட்டில் தனியே இருக்கிறேன். முன்னறையில் இருந்து அமெரிக்கர்களை ஊர் மாற்றுகிறேன். தேங்காய் துருவ ஆளில்லை, பாணும் பருப்பும்தான். ஒருநாள் மதிலுக்கு மேலால் அயல்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து விசாரித்தார்.

"மனுசி எங்க?"

"எங்கட ஊரில."

"நீங்க?"

"அவட ஊரில."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, தன் மனைவியிடம் சொல்லிக் கொஞ்சம் கறி கொடுத்தனுப்பினார். அடுத்த கிழமையும் அனுப்பினார். ஊருக்குள் என்ன கதை போகிறது என்று எனக்குத் தெரியும். சண்டை இல்லை, சந்தோசமாகத்தான் இருக்கிறோம் என்று ஒருவரிடம் சொல்லப்போனேன். அவர், "அப்படித்தான் சொல்லோணும்" என்றார்.

வெள்ளி பின்னேரம் கல்லடியில் பாரைமீனோ சூரையோ வாங்கி, பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டிக்கொண்டு படுவான்கரைக்குப் போவேன். மாமி அதை வெட்டித் தன் புது மருமக்களுக்குப் பங்கு வைப்பார். மிச்சத்தில் எங்களுக்கும் ஒரு கறி வரும். மனைவியும் நானும் பின்வளவில் அந்த மேசையடியில் இருந்து கதைப்போம். கிழமை முழுவதும் சேர்த்துவைத்ததை அவள் சொல்வாள். ஒரே வீட்டில் இருந்தபோது இவ்வளவு கதைத்ததில்லை.

அவளுடைய கஷ்டப் பிரதேசக் காலம் போன மாதம் முடிந்தது. விண்ணப்பித்தால் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரலாம். அவள் விண்ணப்பிக்கவில்லை. நானாகக் கேட்கக்கூடாது என்று இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்தேன். போன ஞாயிறு புறப்படும்போது கேட்டுவிட்டேன்.

"கல்லடிக்கு எப்ப வாறதா யோசினை?"

அவள் தயிர்ச் சட்டியை மோட்டார் சைக்கிளில் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன், உங்களுக்கு அங்க என்ன குறை?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். கடல் காற்று இருக்கிறது, லைன் இருக்கிறது, மீன் இருக்கிறது. பொழுதுபடமுன் பாலத்தைத் தாண்டவேண்டும் என்று உன்னிச்சை மச்சான் வேறு வேலிக்கு அப்பால் நின்று சத்தம் போட்டார். புறப்பட்டுவிட்டேன்.